ஆளுக்கு ஒரு விரால்

ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பு இருக்கிறதா இல்லையா என்பதில் மாணவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் கருத்து வேறுபாடு வந்து, வேலூரில் நான் படித்துக்கொண்டிருந்த கல்லூரியை எழுபத்தொன்பது ஜனவரியில் காலவரையறையின்றி மூடினார்கள். கூடவே ஹாஸ்டலையும் மூடியதால் சாம்பார் பிரச்சினை நல்லபடியாகத் தீர்ந்தது. கண்ணமங்கலத்தில் என் அப்பாவுக்கு, சும்மா இருக்கும் மகனை நாளைக்கு மூன்று வேளை பார்க்கிற தெம்பு இல்லை. "ராஜாக்கண்ணு, மாமனுக்குக் கடையில ஒத்தாசையா இரு" என்று பொங்கலுக்கு முதல் நாளே என்னை மலைக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

மாமன் வடிவேலு காவலூருக்கு மூன்று மைல் தள்ளி, ரோட்டு மேலேயே மளிகைக்கடை வைத்திருந்தார். நான் செய்த ஒத்தாசை அவருக்கு இரண்டே நாளில் போதுமென்று ஆகிவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றிய கையோடு வெல்லம் நிறுத்தேன். வெல்லம் வாங்கிப்போன அம்மா அதைத் திருப்பிக் கொண்டுவந்து, மாமன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"டேய், நீ காத்தாட வெளியில போய்ட்டு வா. கடை பொழைக்கட்டும்" என்றார் மாமன்.

காத்தாடப் போன இடம்தான் குட்டை. கடைக்கு எதிர்ச்சரிவில், கல்லெறி தூரத்தில் இருந்தது. இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். அதைச் சுற்றி அன்றைக்கு நான் எண்ணியபோது பத்தொன்பது தூண்டில்கள். சுற்று வட்டாரத்தில் வேறு தண்ணீர் கிடையாது, எனவே வேறு மீனும் கிடையாது. தினமும் பத்தொன்பது பேர் பிடிக்க முயன்று முயன்று, அங்கிருந்த விரால்களுக்கு எங்கள் பேராசிரியர்களைவிட அனுபவம் கூடியிருந்தது. தக்கை விழுகிற சத்தத்தை வைத்தே இது யார் வீட்டுக் கழி என்று அவற்றுக்குத் தெரியும் என்றார்கள். புழுவைச் சுற்றி வந்து பார்க்கும். முள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்றதைத் தின்றுவிட்டு, மேலே வந்து ஒரு வாய் மூச்சு விட்டுவிட்டுப் போகும். அந்த வளையம் கரைவரைக்கும் வரும். அதைத்தான் பத்தொன்பது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குட்டை சின்னது, கழிகள் அதிகம் என்பதால் ஊரில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு விரால். கெண்டை, கெளுத்தி எல்லாம் கணக்கில் சேராது. விரால் பிடித்துவிட்டால் அன்றோடு அவர் கழி கரையிலுள்ள புங்கமரத்தில் ஏறிவிடும். மறுபடி மழை பெய்து குட்டை நிரம்பிய பிறகுதான் இறங்கும். பிடித்தவர் வேடிக்கை பார்க்கக்கூடக் கரைக்கு வரக்கூடாது. பார்க்க வந்தால் யோசனை சொல்வார், யோசனை சொன்னால் அடிதடி வரும். அதற்காக.

நியாயமான சட்டம்தான். ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். தண்ணீர் தெளிவது தை பிறக்கும்போதுதான். திறமைசாலிகள் அந்த மாதத்திலேயே பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாசி பிறக்கும்போது கரையில் திறமையற்றவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்களுக்குள்ளும் யாருக்குச் சுத்தமாகத் திறமை இல்லையோ அவர் எல்லாருக்கும் மேலே அதிகாரி ஆவார். மாதையன் அப்படி ஆனவர். ஏழு வருஷமாக ஒரு விரால்கூடப் பிடிக்காததால் ஏழு வருஷமாகக் கரையை விட்டு நகராதவர். கழியை மரத்தில் ஏற்றுவது, தூண்டிலில் இரை இருக்கிறதா என்று சோதிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இரை இல்லாமல் கழியைப் போட்டு இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரக் கூடாது என்பது அவரே சேர்த்த துணை விதி.

மாமன் கடையிலேயே முள்ளும் நரம்பும் வாங்கி, ஒரு மூங்கில் கழியில் கட்டிக்கொண்டு இருபதாவது ஆளாக நான் சேர்ந்தேன். முதல் நாள் வீசியதில் முள் என் சட்டைக் காலரில் மாட்டியது.

"இன்னா காலேஜு, பெரிய மீனாத்தான் பிடிச்சிக்கீற!"

மூன்று முழம் தள்ளி உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள். வேடியப்பன் வீட்டுச் செந்தாமரை. வறுத்த புளியங்கொட்டையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, தன் தக்கையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள். பக்கத்தில் இருந்த மாதம்மாள் சிரித்த சிரிப்பில் நான்கு பேருடைய மீன் ஓடிப்போனது.

"எட போட்டுப் பாரு தாயி, எத்தினி கிலோ தேறும்?"

"தலைய கழிச்சிட்டா ஒண்ணும் தேறாது அத்தே."

அந்தக் கரையில் எனக்குப் பெயர் அன்றே முடிவாயிற்று. ராஜாக்கண்ணு என்று யாரும் கூப்பிடவில்லை.

முதல் பத்து நாள் நான் உண்மையாகவே பாடுபட்டேன். ஒரு விராலைப் பிடித்து அவள் முன்னால் போட வேண்டும், அவள் புளியங்கொட்டையை மெல்வதை நிறுத்த வேண்டும். வேறு ஆசை இல்லை. சாணிக் குழியைத் தோண்டி நாக்குப்பூச்சி எடுத்தேன். தவளைக்குட்டி பிடித்தேன். நிழல் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். விரால்கள் என் புழுக்களைத் தின்று நன்றாக இருந்தன.

பதினோராவது நாள், எனக்கு அந்தப்பக்கம் உட்காரும் கோவிந்தன் ஒரு விராலைத் தூக்கினான். கை நீளம் இருந்தது. எல்லாரும் கத்தினார்கள். மாதையன் கழியை வாங்கிப் புங்கமரத்தில் செருகினார். கோவிந்தன் மீனோடு சிரித்துக்கொண்டே மேடேறிப் போனான். அதன் பிறகு அவனை நான் கரையில் பார்க்கவே இல்லை. அவன் உட்கார்ந்த இடத்தில் புல் நிமிர்ந்துகொண்டது.

அந்தப் புல்லைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மீன் பிடித்தால் அன்றோடு சரி. காலையில் பனி கலையுமுன் வந்து, வெயில் ஏறும்வரை மூன்று முழ தூரத்தில் உட்கார்ந்து, "வேலூர்ல ஜெயில் பெருசா, உன் காலேஜ் பெருசா?" என்று கேட்கிற ஒரு குரலுக்குப் பதில் சொல்வது அன்றோடு சரி.

"ஜெயில்தான் பெருசு" என்று சொல்லியிருந்தேன்.

"சோறு?"

"அதுவும் ஜெயில்லதான் நல்லாருக்குமாம்."

"அப்ப நீ ஏன் காலேஜுல சேர்ந்த?"

"ஜெயில்ல சேர மார்க்கு பத்தல."

அவள் சிரிக்கும்போது கழியைப் பிடித்த கை ஆடும், தக்கை ஆடும், தண்ணீரில் சின்னச் சின்ன வளையமாக அது என் தக்கைவரைக்கும் வந்து அதையும் ஆட்டும். இதை விட்டுவிட்டு எவனாவது மீன் பிடிப்பானா?

பன்னிரண்டாவது நாளிலிருந்து இரையை மாற்றினேன். மாமன் வீட்டுக் கேழ்வரகுக் களியில் ஒரு உருண்டை. விரால் உயிருள்ளதைத்தான் தின்னும். களியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மாதையன் தினமும் என் முள்ளைத் தூக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஏம்பா, மீனுக்கு விருந்து வைக்கிறியா?"

"இரை இருக்கணும்னுதானுங்க சட்டம். இன்னா இரைன்னு சட்டத்துல இல்லீங்களே."

அவர் வெகுநேரம் யோசித்தார். விதியில் ஓட்டை இருப்பது அவரை உள்ளுக்குள் அரித்திருக்க வேண்டும். ஆனாலும் என் மேல் அவருக்கு ஒரு பாசம் இருந்தது. ஏழு வருஷத்தில் தனக்குச் சமமான ஒருவனை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

மாசி முடிவதற்குள் கரையில் ஐந்தாறு பேர்தான் மிஞ்சியிருந்தோம். மாதையன், அதிகாரி. மாதம்மாள் பேசுவதற்காகவே வருபவர். கழியைப் போட்டுவிட்டு முதுகைத் தண்ணீருக்குக் காட்டி உட்காருவார். நான் இருந்ததற்குக் காரணம் களி. செந்தாமரை ஏன் இருந்தாள் என்பதுதான் ஊருக்குப் புரியவில்லை. மூன்று வருஷமாக, தண்ணீர் தெளிந்த முதல் வாரத்தில் புங்கமரத்தில் ஏறுகிற முதல் கழி அவளுடையது.

"இன்னாடி, இந்த வருசம் கை கூசுதா?" என்று மாதம்மாள் கேட்டார்.

"மீனுக்குப் புத்தி வந்துடுச்சி அத்தே."

"உனக்கு எப்ப வரும்? சித்திரையில அந்தாண்ட மலைக்காரங்க உன்னைப் பொண்ணு பேச வர்றாங்க. இப்பிடி வெயில்ல காஞ்சி கருவாடா நின்னா, பார்த்துட்டுத் திரும்பிப் போய்டுவாங்க."

"போவட்டும்."

அவள் சொன்னது அந்த ஒரு சொல்தான். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பிடும்போது, படுக்கும்போது, உப்பு மூட்டையைத் தூக்கும்போது எல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். போகட்டும் என்றால் யார் போகட்டும், எவ்வளவு தூரம் போகட்டும் என்று அதில் ஒன்றும் இல்லை.

மாமனுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஒரு நாள் தராசைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவங்க கீழ இருக்கறவங்களுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க. உங்கப்பன் மலையில பொண்ணு எடுக்கவும் மாட்டான். ரெண்டு பக்கமும் கதவு சாத்திக்கீது. தெரிஞ்சிக்க."

"நான் மீன் பிடிக்கத்தான் போறேன் மாமா."

"களி வச்சா?"

கதவைப் பற்றி எனக்கும் தெரியும். நான் கதவைத் திறக்கப் போகவில்லை. குட்டை வற்றும்வரைக்கும் மூன்று முழம் தள்ளி உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். பங்குனி கடைசிவரை தண்ணீர் நிற்கும் என்று மாதையன் சொல்லியிருந்தார். நாற்பது காலை மிச்சம் இருந்தது.

அன்றைக்குக் காற்று. செந்தாமரை கழியைக் கரையில் குத்திவிட்டு, சாமைக்கொல்லையில் இறங்கிய ஆடுகளை ஓட்ட மேலே ஓடினாள். காற்றில் அவள் நரம்பு நகர்ந்து வந்து என் நரம்போடு சிக்கிக்கொண்டது. பிரித்துவிடலாம் என்று இரண்டையும் இழுத்தேன். என்னுடையதில் களி உருண்டை இருந்தது. அவளுடையதில் ஒரு நாக்குப்பூச்சி இருந்தது. ஆனால் அது முள்ளில் கோத்திருக்கவில்லை. நரம்பின் நுனியில் ஒரு முடிச்சு, அந்த முடிச்சில் வெள்ளை நூலால் பூச்சியைக் கட்டியிருந்தது. முள் இல்லை. அறுந்த அடையாளமும் இல்லை. நூல் அன்று காலையில் கட்டிய புது நூல்.

மாதையன் என் இரையைத்தான் தினமும் சோதித்தார். அவள் இரையைச் சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருஷமாக முதல் கழி அல்லவா?

நான் சிக்கலை மெதுவாகப் பிரித்தேன். அவள் நரம்பை எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் தண்ணீரில் விட்டேன். என்னுடையதையும் போட்டேன். பிறகு உட்கார்ந்தேன். எதிரே இருந்த எதையும் நான் பார்க்கவில்லை என்று இப்போது சத்தியம் செய்யத் தயார்.

அதனால்தான் தக்கை அமுங்கியதை நான் கவனிக்கவில்லை. ஒரு விரல் நீளக் கெண்டை களியைத் தின்று மாட்டிக்கொண்டது. வேறு நாளாக இருந்தால் உடனே தூக்கி அதைக் கழற்றி விட்டிருப்பேன். அன்று தூக்கவில்லை. கெண்டை தண்ணீருக்குள் துடித்தது. விரால் உயிருள்ளதைத்தான் தின்னும் என்று முன்பே சொன்னேன். கழி என் கையிலிருந்து போகப் பார்த்தபோதுதான் விழித்தேன்.

"விரா! விராடா! இழு!" மாதையன் கத்தினார்.

நான் இழுக்கவில்லை. நரம்பைத் தளர்த்தினேன். தளர்த்தினால் மீன் உதறிக்கொண்டு போய்விடும் என்று முதல் பத்து நாளில் படித்த பாடம். போ, போய்விடு என்று மனசுக்குள் அதைக் கெஞ்சினேன். இத்தனை அனுபவமுள்ள மீன், பத்தொன்பது பேரை ஏமாற்றிய மீன், கெண்டையை முள்ளோடு வயிறுவரை விழுங்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கரையையே நோக்கி வந்தது.

அப்படியும் அது போயிருக்கும். மாதையன்தான் விடவில்லை. எனக்குக் கை உதறுகிறது என்று நினைத்து, வேட்டியோடு தண்ணீரில் பாய்ந்தார். துண்டை விரித்து, இடுப்பளவுச் சேற்றில் அந்த விராலைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு எழுந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். அது குட்டைத் தண்ணீர்தான் என்று பிற்பாடு சொன்னார்.

எனக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

"மாதையன் பிடிச்சிட்டாருங்க!" என்று கத்தினேன். "பாருங்க, அவர் கையிலதான் இருக்குது! ஏழு வருசத்துக்கு அப்பால மாதையன் விரா பிடிச்சிட்டாரு!"

மாதையன் தன் கையிலிருந்த மீனைப் பார்த்தார். அதன் முதுகில் கட்டை விரலால் ஒரு தடவு தடவினார். ஏழு வருஷம் அந்த முகத்தில் வந்து நின்று, ஒரு கணம், வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

"மாதையன் மாமன் கையிலதான் இருக்குது" என்று மேட்டிலிருந்து ஒரு குரல். செந்தாமரை கொல்லையிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள். "அவருதான் பிடிச்சாரு. நான் பார்த்தேன்."

"நீ எங்கடி பார்த்த? ஆட்டு வாலைப் புடிச்சிக்கினு அங்க நின்னுக்கினு இருந்த" என்றார் மாதம்மாள்.

"பார்த்தேன்."

"காலேஜு புடிச்சா உனக்கு இன்னாடி?"

செந்தாமரை கழுத்துவரை சிவந்ததை நான் பார்த்தேன். மாதையனும் பார்த்தார். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன், புரிந்துமிருக்கும். ஆனால் அவர் ஏழு வருஷ அதிகாரி.

"முள்ளு உன்னுது தம்பி. நரம்பு உன்னுது. நான் தூக்கிவிட்டேன், அவ்ளோதான்" என்று மீனை என் கையில் போட்டார். என் கழியைத் தானே எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனார். நடக்கும்போது ஈரத் துண்டைப் பிழியாமல், அப்படியே தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றைக்கு மாமன் வீட்டில் விரால் குழம்பு. முள் அதிகமில்லாத மீன், ருசியான மீன் என்பார்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு தடவைதான் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்திருந்தேன். செந்தாமரை வந்தாள்.

"ஒரு முள்ளு குடு" என்றாள்.

அட்டையிலிருந்து ஒன்றைக் கழற்றினேன். "பழைய முள்ளு இன்னா ஆச்சு?"

"மீன் அறுத்துக்கினு போய்டுச்சி."

"எப்போ?"

"பொங்கலுக்கு" என்றாள். நேராக என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு முள்ளை முந்தானையில் குத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

வெயில் ஏறுவதற்குள் குட்டைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. கடை வாசலில் நின்று பார்த்தேன். மாதையன் மரத்தின் மேல் எட்டிக் கழியைச் செருகிக்கொண்டிருந்தார். அவள் மீனைச் செவுள் வழியே ஈர்க்கில் கோத்துத் தூக்கிக்கொண்டு போனாள், யாரையும் திரும்பிப் பார்க்காமல். நினைத்தால் எந்த நாளும் பிடித்திருப்பாள். அரை மணிகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு வேடியப்பன் வீட்டில் உப்பு நிறையச் செலவானது. சாயங்காலமானால் செந்தாமரை கால்படி உப்புக்கு வருவாள். நான் அளந்து பொட்டலம் கட்டுவேன். குட்டைக் கரையில் காலை முழுக்கப் பேசியவர்களுக்கு, கடையில் நின்றால் பேச எதுவும் அகப்படவில்லை.

"காலேஜ் தொறக்கலியா?"

"இன்னும் இல்ல."

"ம்."

பொட்டலத்தில் நூல் சுற்ற எவ்வளவு நேரம் ஆக்கலாமோ அவ்வளவு நேரம் ஆக்குவேன். ஒரு கால்படி உப்புக்கு ஒரு முழ நூல் போதும். நான் ஒரு கண்டு நூலைக் காலி செய்தேன். அவளும் "அவ்ளோ எதுக்கு?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"இன்னாடா, முழு ஆட்டையே உப்புக்கண்டம் போடறாங்களா அந்த வூட்ல?" என்று மாமன் கேட்டார். கேட்டுவிட்டு, உள்ளே போய் வேண்டாத மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் உள்ளே இருக்கும் நேரம் நாளுக்கு நாள் கூடியது. அவரிடம் நான் எதிர்பார்க்காத ஒத்தாசை அது.

பங்குனி இரண்டாம் வாரம் அப்பாவின் கார்டு வந்தது. திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது, ஹாஸ்டல் சாம்பார் பற்றிக் குழு அமைத்திருக்கிறார்கள், உடனே புறப்படு. அன்று சாயங்காலம் அவள் வந்தபோது கார்டு சட்டைப்பையில் இருந்தது.

"காலேஜ் தொறக்கலியா?"

"தொறக்கறாங்களாம். நாளைக்குக் காலைல ஆலங்காயம் பஸ்."

அவள் உப்புக் குவியலைப் பார்த்தாள். கையில் கொஞ்சம் அள்ளி, மறுபடி சாக்கிலேயே விட்டாள்.

"இன்னிக்கு உப்பு வேணாம்" என்றாள். "வூட்ல கீது."

மறுநாள் பஸ் கடைக்கு எதிரே நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து கடையைப் பார்த்தேன். மாமன் கல்லாவில் இருந்தார். செந்தாமரை எப்போது வந்தாளென்று தெரியாது. கடைப் படியில் நின்றிருந்தாள், கையில் உப்புப் பொட்டலத்தோடு. பஸ் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னா மாமா அளந்திருக்கீங்க? கொறையுது" என்றாள். ரோடு முழுக்கக் கேட்டது.

"இந்தக் கடையில முப்பது வருசமா எவளும் கொறையுதுன்னு சொன்னதில்ல."

"நான் சொல்றேன். திரும்ப அளங்க."

மாமன் திரும்ப அளந்தார். கண்டக்டர் விசில் ஊதினார். "இப்பவும் கொறையுது. படி நசுங்கிக்கீது" என்றாள் அவள். "எங்க நசுங்கிக்கீது?" என்று மாமன் படியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார், வேண்டுமென்றே மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அவள் இரண்டடி பின்னால் தள்ளி, ரோட்டுக்கே வந்து நின்று, அந்தப் படியைப் பார்க்கிற சாக்கில் தலையை நிமிர்த்தினாள். பஸ் நகர்ந்தது. நான் கழுத்தை வெளியே நீட்டினேன். கண்டக்டர் உள்ளே இழுத்தார். மறுபடி நீட்டினேன்.

"இன்னும் ஒருதரம் அளங்க!" என்று அவள் சொன்னது கேட்டது. வளைவில் பஸ் திரும்புகிறவரைக்கும் மாமன் அளந்துகொண்டே இருந்தார்.